ஆயா வச்ச கணக்கு

திருத்தணி எல்லையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் எழுதுகிறார்கள். 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. அதுவரை வட ஆர்க்காட்டில் இருந்த திருத்தணி அதில் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுசாக அந்தப் பக்கம் போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் வடக்கெல்லைக்காக இயக்கம் நடத்தினார்கள். படாஸ்கர் நடுவராக வந்தார். 1959-ல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது.

தேதிகளில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஆறரை வருஷத்தில் சேரியில் என்ன நடந்தது? எங்கள் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துச் சேரிக்காரர்கள் எந்த மாநிலத்தில் இருக்க விரும்பினார்கள் என்று அவர்களைக் கேட்டவர் யார்? மொழிக்காக நடந்த போராட்டம் என்கிறார்கள். வீட்டில் தமிழும் வேலையிடத்தில் தெலுங்குமாக இரண்டு வாயோடு வாழ்ந்தவர்களை அந்தப் போராட்டம் எந்தப் பக்கம் சேர்த்தது? இந்தக் கேள்விகளுக்கு நூலகத்தில் பதில் கிடைக்காது. எனக்குக் கிடைத்த பதில் ஒரு கட்டிலின் பக்கத்தில் கிடைத்தது.

நான் ஆராய்ச்சிக்காகப் போனவன் அல்ல. சென்னையில் எம்.ஏ. முடித்து, சிறுபத்திரிகைகளில் நாலைந்து கவிதை அச்சாகி, ஒரு பெண்ணோடு நாலு வருஷம் பழகி, அவள் வீட்டில் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்ட அன்றோடு எல்லாம் முடிந்து, பேச்சு மூச்சில்லாமல் ஊருக்கு வந்து சேர்ந்தவன். வந்த பத்தாம் நாள் ஆயா வாசலில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும். அது இல்லாத நாளில் தறிக்காரர் வீட்டுக்குத் தார் சுற்றப் போக வேண்டும். அக்காவை நகரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் சும்மா இருந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் ஆயாவைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னிடம் வந்தது.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். பகலில் மட்டும் இல்லை, ராத்திரியிலும் அப்படித்தான். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி. முதல் வாரம் ஆயா வெட்கத்தில் செத்துப்போனார். துணி மாற்றப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "இன்னா நைனா, பொம்பளைங்க செய்ற வேலைய நீ செய்றியே" என்பார். தெருவிலும் அதேதான் பேசினார்கள். மூன்றாவது வாரத்தில் வெட்கம் போனது. பேச்சு வந்தது. புரட்டிப் படுக்க வைத்த பிறகு இருவருக்குமே தூக்கம் வராது. அந்த நேரத்தில் சொன்னவைதான் எல்லாம். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்கு வருகிற ஆய்வாளருக்கு இவற்றில் கால்வாசிகூடக் கிடைத்திருக்காது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்து "நல்லாக்கீறோம் சார்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

*

ஆயாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1948 ஜனவரி 1. நம் தெருவில் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள்தான். பதிவு செய்கிறவர் முகத்தைப் பார்த்து வருஷம் போடுவார். ஆயாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "ஆந்திரா ஆவறதுக்கு முன்ன வருசம் நான் பெரிய மனுசி ஆனேன்." ஆந்திரா ஆனது 1953. அப்படியென்றால் பெரிய மனுஷி ஆனது 1952. பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்று வைத்தால் பிறந்தது 1940-ஐ ஒட்டி. அரசாங்கம் ஆயாவின் வயதில் எட்டு வருஷத்தைக் குறைத்திருக்கிறது. முதியோர் பென்ஷன் எட்டு வருஷம் தாமதமாக வந்ததற்கும் அதுதான் காரணம்.

இன்னொரு ராத்திரி சொன்னார்: "எங்க நைனா செத்தது ஆந்திராவுல. எனக்குக் கண்ணாலம் ஆனது மெட்ராசுல. ரெண்டும் இதே தெருதான்."

எல்லைப் போராட்டத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த மூன்று வரிக்குச் சமமாக ஒன்று இல்லை. மாநிலம் தெருவின் மேல் வந்து போயிருக்கிறது. தெரு இடம் மாறவில்லை. அந்த ஆறரை வருஷத்தில் என்ன மாறியது என்று கேட்டேன். தம்பி பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத்துப் படித்தான். எல்லை மாறியதும் அந்த எழுத்து உதவாமல் போய், மாடு மேய்க்கப் போய்விட்டான். கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஊர்ப்பெயர் வேறு எழுத்தில் வந்தது. சரி, டீக்கடை? "தனி கிளாசு அப்பவும் இருந்திச்சி, அப்பாலயும் இருந்திச்சி" என்றார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல் வந்தது, சரியாக இந்த ஆந்திர வருஷங்களுக்குள். அப்படி ஒரு சட்டம் வந்ததை ஆயா என்னிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். "அப்பவே சொல்லியிருந்தா ஆவாதா" என்று மட்டும் கேட்டார்.

நிலத்தைப் பற்றியும் கேட்டேன். திருத்தணிப் பக்கம் ஒரு காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீனுக்குள் இருந்தது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதை ஒட்டி 1892-ல் வந்த அரசாணையால்தான் பஞ்சமி நிலம் என்ற ஒன்று உண்டானது. அவர் எழுதியது செங்கல்பட்டுச் சேரிகளை. நாங்கள் அப்போது வட ஆர்க்காட்டில், ஜமீன் நிலத்தில் இருந்தோம். பிறகு 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பட்டா யாருக்குப் போனது? ரயத்து என்று ஏட்டில் பெயர் இருந்தவனுக்குப் போனது. உழுதவன், அண்டை வெட்டினவன், களத்தில் தூற்றினவன் பெயர் எந்த ஏட்டில் இருந்தது? பஞ்சமி நிலம் என்று ஏட்டில் இருந்த இடங்களிலேயே அது கைமாறிப் போனதும், அதை மீட்கப் போய் 1994 அக்டோபர் 10-ல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்ததும் நமக்குத் தெரியும். ஏட்டிலேயே இல்லாதவர்கள் எதை மீட்பது?

*

நிலம் இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் ஆயாவிடம்தான் பதில் இருந்தது. கோலாருக்குப் போனார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குப் போன சேரி ஜனங்களுக்குக் கணக்கே கிடையாது. 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டியது. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள்; சுரங்கத்துக்கு விளக்கு எரிந்தது, கூலி லைனில் இருந்த தட்டிக் குடிசைக்கு எரியவில்லை. ஆயாவின் அப்பா சோளிங்கர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் ரயில் ஏறியிருக்கிறார்.

அங்கே போனவர்கள் தங்கம் மட்டும் தோண்டவில்லை. அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசர் 1914-ல் இறந்த பிறகு, இருபதுகளில் ஜி. அப்பாதுரையார் அந்தப் பத்திரிகையை அங்கிருந்தே நடத்தினார். அதன் பழைய இதழ்கள் காப்பாற்றப்பட்டதும் பெரும்பாலும் நம் ஆட்களின் வீட்டில்தான். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் கட்டிக் காத்திராவிட்டால், 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகளே வந்திருக்காது. நம் ஆவணக் காப்பகம் பரண்தான்.

1930-ல் தங்கவயலில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகளின் விரல் ரேகையைப் பதிந்துகொள்ளக் கம்பெனி உத்தரவு போட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தார்கள். திருடனுக்குத்தானே கைரேகை எடுப்பான், எங்களுக்கு எதுக்கு என்பது அவர்கள் கேள்வி. ஆயாவின் அப்பா அதில் இருந்தார். ஆயா அதை வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை. "கட்டைவெரலு தரமாட்டோம்னு குந்திக்கினாங்களாம்" என்றுதான் சொன்னார். நான் பின்னால் தேடிப் பார்த்து வருஷத்தைச் சேர்த்தேன்.

அதே ஆயாவின் கட்டை விரலை ரேஷன் கடை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. களை பிடுங்கி, கரும்பு வெட்டி, செங்கல் சுமந்து, எழுபது வருஷத்தில் ரேகை தேய்ந்துவிட்டது. விழுவதற்கு முன்பு மாதா மாதம் வரிசையில் நின்று, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, மெஷின் சிவப்பு காட்ட, திரும்பி வந்திருக்கிறார். அப்பன் விரலைக் கொடுக்க மாட்டேன் என்று போராடினான். மகள் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தொண்ணூறு வருஷம்தான் எங்கள் வரலாறு. இதை எழுத எனக்குக் கெஜட்டியரும் வேண்டும், ஆயாவின் கட்டை விரலும் வேண்டும்.

நாற்பதுகளின் கடைசியில் அப்பா இருமலோடு திரும்பி வந்தார். கல்தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்ட நோய். சுரங்கக்காரர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் என்று இன்று நமக்குத் தெரியும். தெருவில் அதற்கு 'கோலார் இருமல்' என்று பெயர். படுக்க வைத்தால் மூச்சு முட்டும். அதனால் ராத்திரியெல்லாம் சுவரில் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்கும் அதைச் செய்தது ஆயா. "நைனா அப்பத்தான் கோலாரு கதையெல்லாம் சொல்லும். தூக்கம் வராதில்ல." அந்தக் கதைகளுக்குள்ளே இன்னும் பழைய கதைகள் இருந்தன. அவருடைய ஆயா சொன்ன தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876-77, கிணற்று மேட்டில் செத்துக் கிடந்தவர்கள், கிழங்கு தோண்டித் தின்றது, எல்லாம். ராத்திரியில் விழித்திருந்து பார்த்துக்கொண்டவர்கள் வழியாகத்தான் நூற்றைம்பது வருஷம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என்னை அவர் நைனா, நைனா என்று கூப்பிட்டது எங்கள் பக்கத்துச் செல்லப் பேச்சு மட்டும்தானா என்று எனக்கு அதற்குப் பிறகு சந்தேகம்.

*

என் விஷயத்தை ஆயாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருக்கிறார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிவிட்டு உட்கார்ந்தபோது அவரே கேட்டார். "அந்தப் பொண்ணு உன்ன வேணான்னுச்சா, நம்ம தெருவ வேணான்னுச்சா?" எனக்குப் பதில் வரவில்லை. "உன்ன வேணான்னு சொல்லியிருந்தா அழுவு. தெருவ வேணான்னு சொன்னா அதுக்கு நீ மட்டும் அழுது இன்னா ஆவும்? தெருவே இல்ல அழுவணும்." பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இது ஆறுதல் இல்லை. ஆறுதலைவிடக் கடினமானது. என் சொந்தத் துக்கம் என்று நான் கவிதை கவிதையாக எழுதிக்கொண்டிருந்ததற்கு ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, வருஷம் இருக்கிறது என்று ஆயா சொன்னார். சாதி காதலுக்குள் வந்து முறித்துப் போடும்போது, அது இரண்டு பேர் மனசுக்குள் நடந்த சங்கதி மாதிரி நம்மை நம்ப வைக்கிறது. தனியாக அறையில் கிடந்து அழ வைக்கிறது. அப்படித் தனியாக்குவதே அதன் வேலை. அந்தத் தனிமையிலிருந்து வெளியே வர எனக்கு வழி கிடைத்தது இன்னொரு உடம்பைக் கழுவித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைத்ததில்.

நம் எழுத்தின் வரலாற்றிலும் இப்படி நடந்திருக்கிறது. பாமா 1992-ல் கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தபோது வேலை இல்லை, கையில் காசு இல்லை, உடைந்துபோய் நின்றார். அந்த நிலைமையில் அவர் திரும்பிப் போனது தன் ஊருக்கு, பாட்டிமார் வேலை செய்த நாயக்கர் வீட்டு வாசலுக்கு, சின்ன வயசு நினைவுக்கு. அதே வருஷம் 'கருக்கு' வந்தது. 1994-ல் வந்த 'சங்கதி'யில் பாட்டியின் வாய்தான் பாதிப் புத்தகம். இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பி வராத புருஷனைக் கொண்ட அந்தப் பாட்டியையும், கோலாரிலிருந்து இருமலோடு திரும்பிய எங்கள் தாத்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேயிலையும் தங்கமும் யார் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டன என்பது தெரியும். மராத்தியில் பேபி காம்ப்ளே, மளிகைக் கடையில் உட்கார்ந்து, புருஷனுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்தது 1986-ல் புத்தகமாக வந்தது. அதுவும் தாத்தா பாட்டி வீட்டு மகர்வாடாவில்தான் தொடங்குகிறது.

அமெரிக்கக் கறுப்பர்களிடமும் இது உண்டு. 1927-28-ல் ஸோரா நீல் ஹர்ஸ்டன், அலபாமாவில் கட்ஜோ லூயிஸ் என்ற கிழவரைப் பார்க்கப் போனார். 1860-ல் கடைசி அடிமைக் கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர் அவர். எடுத்தவுடன் கேள்வி கேட்கவில்லை. பழம் கொண்டுபோனார், கூட உட்கார்ந்து சாப்பிட்டார், கிழவர் பேச மறுத்த நாளில் சும்மா இருந்தார். எழுதி முடித்ததைப் பதிப்பகம் வாங்கவில்லை. கிழவரின் பேச்சு வழக்கை மாற்றி 'ஒழுங்கான' மொழியில் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை. 1960-ல் அவர் இறந்து, 2018-ல்தான் அந்தப் புத்தகம் வெளிவந்தது. கருக்கின் மொழியைப் பார்த்து முகம் சுளித்த நம் ஊர்ப் பண்டிதர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிப் பக்கத்துச் சேரிப் பாட்டுக்காரி வீரம்மாள், எண்பதுகளில் வருஷக்கணக்காகத் தமிழில் சொன்ன தன் வாழ்க்கையும் நமக்குப் பாடம். ழோசியான் ரசீன் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுப் பதிந்தார். அது முதலில் அச்சானது 1995-ல், பாரிசில், பிரெஞ்சு மொழியில். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. நம் கிழவிகளிடம் நாம் உட்காராதபோது வேறு யாராவது வந்துதான் உட்காருவார்கள். புத்தகமும் வேறு இடத்தில்தான் வரும்.

*

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்த்துக்கொள்வதை நான் புனிதப்படுத்தவில்லை. நான் சில மாதம் செய்ததை நம் பெண்கள் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள். அவர்களை யாரும் எழுத்தாளர் என்று கூப்பிடுவதில்லை. பீத்துணி அலசுகிற மருமகளுக்குக் கதை கேட்க நேரமும் இல்லை, எழுத நோட்டும் இல்லை. ஆண்கள் அந்த வேலையில் பாதியை எடுத்துக்கொண்டால் பெண்களுக்கு எழுத நேரம் கிடைக்கும், ஆண்களுக்கு எழுத விஷயம் கிடைக்கும். தலித் வரலாற்றெழுதுமுறை பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிற தோழர்கள், வீட்டில் படுத்திருக்கும் கிழவியை யார் புரட்டிப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. ஆந்திர வருஷங்களை நேரில் பார்த்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே கடைசியாக இறங்கினவர்களும் கிழவர்களாகிவிட்டார்கள். மாநிலம் தாண்டிக் குடிபோனவர் பட்டியல் சாதி உரிமையைப் புது மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் சொல்லிவிட்டது. அதனால் எல்லையைத் தாண்டிக் கட்டிக்கொடுத்த, பிழைக்கப்போன நம் குடும்பங்களில் யார் எப்போது எங்கே போனார்கள் என்பது வெறும் கதை இல்லை. பேரப்பிள்ளையின் சான்றிதழ்ச் சிக்கல் அது.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தைக் கேட்காதீர்கள், அவர்கள் வைத்திருக்கிற கணக்கைக் கேளுங்கள். பஞ்சம், புயல், எல்லை மாறினது, மின்சாரம் வந்தது, முதல் பிள்ளை செத்தது. அதை வாங்கிக்கொண்டு போய் கெஜட்டியரோடும் நிலப்பதிவேட்டோடும் ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் கிழவியைத் திருத்தாதீர்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். பேசினதைப் பேசினபடியே எழுதுங்கள்.

நகரியிலும் புத்தூரிலும் இருக்கிற நம் சனங்கள் தெலுங்கில் இதே ஆறரை வருஷத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பது இனிமேல்தான் சேர்க்கப்பட வேண்டும். அக்காவின் மாமியார் அங்கே இருக்கிறார், ஆயாவைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்குக் கண் தெரியவில்லை; மதியச் சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த மாதம் போகிறேன். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் இருக்கிற தோழர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை எழுதி அனுப்பினால் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.